மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது, சீலிங்கில் ஈரம்: மறுபடி கோட்டிங் அடித்தால் போதுமா?

மேல்தளம்:
வணக்கம். கான்கிரீட் தளம், சுமார் 100 சதுர மீட்டர். பழைய அக்ரிலிக் கோட்டிங் அங்கங்கே கொப்புளம் விட்டு உரிகிறது. மழை விட்டு இரண்டு நாளாகியும் ஒரு மூலையில் ஒரு செ.மீ. தண்ணீர் நிற்கிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டிய அறையின் சீலிங்கில் ஈரத்திட்டு. தண்ணீர் தேங்கும் இடம் அதிலிருந்து சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. மெல்லிய விரிசல்களும் உண்டு. மழைநீர் பைப் ஒன்றுதான், 100 மி.மீ. பழசை உரித்துவிட்டு இரண்டு கோட் அடித்தால் போதுமா?

கரணை:
போதாது. கோட்டிங் கடைசி வேலை. முதலில் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தளத்துக்குள் இறங்கிய நீர் கம்பியை ஒட்டியும் விரிசல் வழியாகவும் ஓடி வேறிடத்தில்தான் சொட்டும். அதனால் ஈரத்திட்டுக்கு நேர் மேலே மட்டும் பூசுவது வீண்.

மழையே இல்லாத நாட்களிலும் திட்டு காயவில்லை என்றால் மேலுள்ள தொட்டியையும் அதன் பைப் இணைப்புகளையும் பாருங்கள். மழைக்குப் பின் மட்டும் வந்தால் தளம்தான். அப்போது தண்ணீர் கட்டிப் பாருங்கள்: பைப் வாயைத் துணி சுற்றிய அடைப்பால் மூடி, சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் களிமண் வரப்பு கட்டி, நடுப்பகுதியில் மட்டும் 2.5 செ.மீ. உயரத்துக்கு நீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்தில் அதே உயரத்துக்குத் தண்ணீர் வையுங்கள். பாத்திரத்தில் குறைவது ஆவியானது. தளத்தில் அதைவிட அதிகம் குறைந்தால் கசிகிறது என்று பொருள். குறையவில்லையா, அடுத்து சுவரோரப் பகுதியில் மட்டும் நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தளமும் சுவரும் சேரும் இடத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் முதலில் பிளப்பது அங்கேதான்.

ரசமட்டம்:
தண்ணீர் கட்டுமுன் ஒன்று. சதுர மீட்டருக்கு 25 கிலோ கூடும். சீலிங்கில் துருக்கறை தெரிந்தாலோ, தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலப் பொள்ளல் சத்தம் கேட்டாலோ இந்தச் சோதனை வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். மேலே எதைப் பூசினாலும் அது சரியாகாது.

அடுத்து வாட்டம். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவாவது வேண்டும். நீர் தேங்கும் மூலையில் அக்ரிலிக் எப்போதும் ஊறிக்கொண்டே இருந்து பிடிப்பை இழக்கும். அதற்காகத் தளம் முழுக்கக் கலவை போட்டு வாட்டம் எடுக்கவும் வேண்டாம். 5 செ.மீ. சிமெண்ட் கலவை சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. உங்கள் தளத்துக்கு 10 டன் கூடுதல் சுமை. பள்ளத்தை மட்டும் பாலிமர் (பிடிப்பைக் கூட்டும் ரசாயனம்) கலந்த சிமெண்ட் கலவையால் நிரப்பிப் பைப் பக்கம் சரித்துவிடுங்கள். வெறும் சிமெண்ட் கலவையை மெல்லிசாக இழுத்தால் ஓரம் பெயர்ந்து வரும்.

பைப்பும் பற்றாது. மணிக்கு 100 மி.மீ. மழை கொட்டினால் 100 சதுர மீட்டரில் விழுவது 10,000 லிட்டர். 100 மி.மீ. பைப் ஒன்றுக்கு 40 சதுர மீட்டர் என்று வைப்பதே பாதுகாப்பு. அந்தத் தேங்கும் மூலையிலேயே இன்னொன்று இறக்கினால் வாட்டப் பிரச்சினையும் பாதி தீரும்.

மேல்தளம்:
நன்றி. துருக்கறை இல்லை, பொள்ளல் சத்தமும் இல்லை. சுவரோரத்தில் தண்ணீர் கட்டியதும் கீழே ஈரம் கூடியது. இனி வேலையை எந்த வரிசையில் செய்வது?

கரணை:
அப்படியானால் அந்த ஓரம்தான் முக்கியம். பிடிப்பில்லாத பழைய கோட்டிங் முழுவதையும் சுரண்டி எடுங்கள். தளம் சுவரைச் சேரும் கோட்டில் பழைய பூச்சைக் கொத்திவிட்டு, பாலிமர் கலவையால் 5 செ.மீ. அளவுக்குச் சாய்வு மூட்டு பிடியுங்கள். செங்குத்து மூலையில் கோட்டிங் மடிந்து அறுந்துவிடும், சாய்வில் அறாது.

விரிசலில் இரண்டு வகை உண்டு. இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டுச் சில வாரம் கவனியுங்கள். நீளாமல், அகலமும் மாறாமல் இருந்தால் 10 மி.மீ. அகல ஆழத்துக்கு வெட்டிப் பாலிமர் கலவை அடைக்கலாம். வெயிலுக்கு விரிந்து மூடினால் ரப்பர் போல நீண்டு சுருங்கும் பாலியூரித்தேன் சீலண்ட்தான் அடைக்க வேண்டும். சிமெண்ட் அடைத்தால் பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும்.

கலவை வேலைகளை 7 நாள் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்து, பிறகு நன்றாகக் காயவிடுங்கள். கொப்புளம் வருவதே அவசரத்தால்தான்: உள்ளே சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகிக் கோட்டிங்கைத் தூக்குகிறது. 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு பகல் ஓர் இரவு விடுங்கள். அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை.

ரசமட்டம்:
கோட்டிங் பற்றி இரண்டு விஷயம். சாய்வு மூட்டில் 20 செ.மீ. அகல ஃபைபர் மெஷ் பட்டையை முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே அழுத்திப் பதித்து, சுவரில் 30 செ.மீ. உயரம் வரை கோட்டிங்கை ஏற்றுங்கள். பைப் வாயைச் சுற்றியும் மெஷ் வையுங்கள். உள் விளிம்பு வரை கோட்டிங் இறங்க வேண்டும். அடுத்த கோட் குறுக்குவாட்டில்.

அடுத்தது அளவு. பெரும்பாலான வேலை கெடுவது இங்கேதான். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் அடித்தால் ஈரத்தில் 1 மி.மீ. கனம், டின்னில் திடப்பொருள் கன அளவில் 50% என்றிருந்தால் காய்ந்தபின் அரை மி.மீ.தான் மிஞ்சும். தேவையான காய்ந்த கனத்தைத் தயாரிப்பாளர் குறிப்பில் பார்த்து, அதிலிருந்து லிட்டர் கணக்குப் போடுங்கள். வேலை முடிந்ததும் காலி டின்களை எண்ணினால் கனம் சரியா என்று தெரிந்துவிடும்.

அதற்குப் பின் மழைக்காலத்துக்கு முன்னும் நடுவிலும் பைப் வாய்ச் சல்லடையில் இலை, மண் எடுத்துவிடுங்கள். சுவரோரம் முளைக்கும் செடியைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் வேர் பருத்து மூட்டைத் திறந்துவிடும். தொட்டிச் செடிகளுக்கு அடியில் 5 செ.மீ. இடைவெளி விட்டுத் தாங்கி வையுங்கள்.