எம்டிஎஃப் ஸ்பீக்கர் பெட்டிக்கு மைக்கா: எப்போ ஒட்டலாம், எந்தப் பக்கம் முதல்ல, துளை எப்போ?

கேள்வி: பெட்டிப்பிரியன்

18 மி.மீ. எம்டிஎஃப்ல (மரநாரை ரெசினோட அழுத்தின பலகை) ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் பெட்டி ஒட்டி முடிச்சாச்சு. கீழ் ஒலிக்கு 6.5 இஞ்ச் வூஃபர், மேல் ஒலிக்கு 1 இஞ்ச் ட்வீட்டர், போர்ட் (காத்து போற குழாய்) பின்பக்கம். எல்லாமே சாதா முட்டு மூட்டு. வெள்ளை மரப்பசையும் கிளாம்ப்பும்தான், ஸ்க்ரூ இல்லை. நேத்து ராத்திரி ஒட்டி இன்னிக்கு காலைல கிளாம்ப் எடுத்தேன். வெளியே 1 மி.மீ. மேட் மைக்கா (லேமினேட் ஷீட்) ஒட்டணும். டிரைவர் (வூஃபர், ட்வீட்டர்) துளை இன்னும் வெட்டலை.

இன்னிக்கே தேய்ச்சு ஒட்டலாமா? எந்தப் பக்கம் முதல்ல ஒட்டணும்? துளை வெட்டறது ஒட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்பக்க விளிம்பை 10 மி.மீ. ரேடியஸ்ல உருட்டினா மைக்கா அதுமேல வளையுமா?

பதில்: மூட்டுவேலை

நண்பரே, இன்று தேய்க்க வேண்டாம். பசையிலுள்ள நீரை எம்டிஎஃப் இழுத்துக்கொண்டு மூட்டின் இரு பக்கமும் லேசாக உப்பியிருக்கும். இப்போது மட்டமாகத் தேய்த்தால், ஈரம் வற்றிய பின் அந்த இடம் அமுங்கிப் பள்ளக்கோடாக நிற்கும். பசை பிடிக்க ஒரு நாள் போதும், உப்பல் இறங்க அது போதாது. நான்கு பக்கமும் காற்றுப் படும்படி இரண்டு கட்டை மேல் தூக்கி வைத்து ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

பெயின்ட் அடிப்பவர்களைத்தான் இந்தக் கோடு அதிகம் படுத்தும். 1 மி.மீ. மைக்கா மயிரிழைக் கோட்டை மறைத்துவிடும். ஆனால் ஒரு பலகை மற்றதைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் அந்தப் படியை மறைக்காது. ஸ்டீல் ஸ்கேலை மூட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். அதற்குக் கார் பாடிக்குப் போடும் இரண்டு பாகப் பாலியெஸ்டர் பட்டிதான் சரி. சுவருக்குப் போடும் தண்ணீர்ப் பட்டி மூட்டை மறுபடி உப்ப வைக்கும்.

தேய்க்க 120 எண் உப்புத்தாள் போதும். பசைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், அதனால் இன்னும் நைஸாகப் போக வேண்டியதில்லை. தாளைக் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் கையால் தேய்த்தால் ஓரம் சரிந்துவிடும். சரிந்த ஓரத்தில் மைக்கா எவ்வளவு அழுத்தினாலும் வாய் பிளக்கும். எம்டிஎஃப் தூள் மிக நுண்ணியது, ரெசினும் கலந்தது. துணி கட்டிக்கொண்டால் போதாது, என்95 தர முகமூடி கட்டாயம்.

விளிம்பு பற்றி: சாதா மைக்கா 10 மி.மீ. ரேடியஸில் குளிர்நிலையில் வளையாது, உடையும். சூடாக்கி வளைக்கும் போஸ்ட்ஃபார்மிங் ரகம் தனி, அதை வீட்டில் இரண்டு பெட்டிக்குச் சமமாகச் சூடாக்கி வளைப்பது கடினம். ஒலிக்காகத்தான் உருட்டுகிறீர்கள் என்றால் 3 கிலோஹெர்ட்ஸில் அலைநீளமே சுமார் 11 செ.மீ. அதன் முன் 10 மி.மீ. வளைவு பெரிதாக எதையும் மாற்றாது. 20 மி.மீ.க்கு மேல் போக முடிந்தால் செய்யுங்கள், ஆனால் அப்போது முன்பலகைக்கு மைக்கா வேண்டாம், வெனீரோ (மெல்லிய மரத் தகடு) பெயின்ட்டோ போடுங்கள். இல்லையென்றால் கூர்விளிம்பாகவே விடுங்கள், அல்லது 45 டிகிரியில் சரிவாகச் சீவி அந்தச் சரிவுக்குத் தனி மைக்கா பட்டை ஒட்டுங்கள்.

பதில்: டிரிம்மர்

ஒட்டற வரிசையை நான் சொல்றேன். அடி, பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, மேல், கடைசியா முன்பக்கம். காரணம் இதுதான்: மைக்காவோட வெட்டு முகம் கறுப்புக் கோடா தெரியும். கடைசியா ஒட்டின ஷீட்டோட கோடு அதுக்கு அடுத்த பக்கத்துலதான் தெரியும். முன்பக்கத்தைக் கடைசியா ஒட்டினா, எதிர்ல உட்கார்ந்து கேக்கறவங்க கண்ணுக்குக் கோடே படாது. ஒவ்வொரு பக்கமும் ஒட்டி, டிரிம் பண்ணி, அரம் போட்ட அப்புறம்தான் அடுத்த பக்கம்.

ஷீட்டை நாலு பக்கமும் 5 மி.மீ. கூடுதலா வெட்டுங்க. ரப்பர் பசையை ரெண்டு முகத்துலயும் பல் வெச்ச தகடால மெல்லிசா இழுங்க. பலகையோட வெட்டு முகம் தெரியற இடத்துல முதல் கோட் உள்ளே போயிடும். அது காஞ்சதும் அங்க மட்டும் இன்னொரு கோட். ஓரம் தூக்கற பெட்டிகள்ல பெரும்பாலும் இந்த ரெண்டாவது கோட் விட்டுப் போயிருக்கும்.

15, 20 நிமிஷம் விடுங்க. விரலோட பின்பக்கத்தால தொட்டா ஒட்டக்கூடாது. ஈரமா இருக்கும்போதே ஒட்டினா உள்ளே மாட்டின சால்வென்ட் ஆவி பிற்பாடு குமிழியா எழும்பும். மழை ஈரக்காத்துல பசை மேல வெள்ளையா பூத்தா அது தண்ணி. அந்த நாள்ல ஒட்டாதீங்க. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல அடுப்பு, சிகரெட், தீப்பொறி எதுவும் இருக்கக்கூடாது.

இந்தப் பசை தொட்ட இடத்துல பிடிச்சுக்கும், நகத்த முடியாது. அதனால பலகை மேல மூணு நாலு காஞ்ச உருட்டுக்குச்சி வெச்சு, அதுமேல ஷீட்டைச் சரியா பொருத்திட்டு, நடுக்குச்சியை முதல்ல உருவுங்க. நடுவுல இருந்து ஓரத்துக்கு ரப்பர் ரோலர், உடம்பு பாரம் போட்டு. பிடிப்பு வர்றது அழுத்தத்தாலதான். மேல பாரம் ஏத்தி ராத்திரி முழுக்க வெச்சாலும் ரோலர் போடாத இடம் சேராது. மீறி குமிழி வந்தா, மேல துணி போட்டு மிதமான சூட்டுல இஸ்திரிப் பெட்டி, பசை இளகினதும் ஆறும்வரை ரோலர்.

டிரிம்முக்கு பேரிங் வெச்ச கார்பைடு பிட். பசை ஒட்டி பேரிங் சுத்தாம நின்னுச்சுன்னா, ஏற்கெனவே முடிச்ச பக்கத்தைத் தேச்சுக் கருக்கிடும். அந்தப் பக்கத்துல மெழுகு தடவுங்க, ஒவ்வொரு ஷீட்டுக்கும் நடுவுல பேரிங்கைத் தின்னர்ல துடைங்க. கடைசியா மெல்லிய அரத்தைச் சாய்ச்சுப் பிடிச்சு, பலகையை நோக்கித் தள்ளற போக்குல மட்டும். இழுக்கற போக்குல அரம் தொட்டா மைக்கா சில்லு பேரும்.

பதில்: ஒலிமானி

துளை விஷயத்தில்: முன்பக்க மைக்கா ஒட்டிய பிறகு வெட்டுங்கள். சிலர் முதலில் துளை போட்டு, மைக்கா ஒட்டி, உள்ளிருந்து டிரிம் செய்வார்கள். டிரைவரை மேலேயே உட்கார வைப்பதானால் அது போதும். டிரைவரின் வெளிவளையமான ஃபிரேம் பலகையோடு மட்டமாக உட்கார வேண்டுமென்றால் மைக்கா மேலிருந்து வெட்டினால்தான் விட்டமும் ஆழமும் சரியாக வரும்.

ரவுட்டரில் வட்ட ஜிக் (நடு ஆணியைச் சுற்றி வட்டமாக வெட்ட உதவும் சட்டம்) மாட்டி, முதலில் பெரிய விட்டத்தில் ஃபிரேம் பள்ளம், அதன் பிறகே ஊடுருவும் துளை. வரிசை மாறினால் நடு ஆணி நிற்க இடமே இருக்காது. முதல் சுற்று 1.5 மி.மீ. ஆழம்தான், மைக்கா சுத்தமாக வெட்டுப்பட. பிறகு 3, 4 மி.மீ. வீதம் இறங்குங்கள். ஃபிரேம் 5 மி.மீ., அதன் அடியில் அழுந்திய கேஸ்கட் (காற்று கசியாமல் அடைக்கும் பட்டை) 1 மி.மீ. என்றால் மைக்கா முகத்திலிருந்து 6 மி.மீ. பள்ளம். மொத்தம் 19இல் 13 மி.மீ. மிச்சம், ஸ்க்ரூவுக்குப் போதும்.

வூஃபர் துளையின் உள்விளிம்பை 45 டிகிரியில் சீவிவிடுங்கள், கோனின் பின்புறக் காற்று தாராளமாகப் போகும். ஸ்க்ரூ வரும் இடங்களில் மட்டும் சீவாமல் முழுக் கனத்தை விடுங்கள். அந்தத் துளை வழியாகவே உள் மூட்டுகளுக்கெல்லாம் காற்று கசியாமல் சிலிகான் இழுக்கலாம். புளிவாசம் அடிக்கும் ரகம் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், செம்பை அரிக்கும். வாசம் முழுக்கப் போகும் முன் டிரைவரை மாட்டாதீர்கள்.

பெட்டிப்பிரியன்

ரொம்ப நன்றி. ஒரு வாரம் காத்திருக்கேன். வூஃபருக்கு நேரா மர ஸ்க்ரூ போட்டா போதுமா, டி-நட் (பலகைக்குப் பின்னாடி பதிக்கற மரை நட்) வேணுமா?

பதில்: ஒலிமானி

ஒருமுறை மாட்டிக் கழற்றாமல் விடுவதானால் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. முன்துளை போதும். துளைக்குள் இரண்டு சொட்டு தண்ணிப்பதச் சூப்பர் க்ளூ விட்டு, இறுகிய பின் ஸ்க்ரூ ஏற்றுங்கள், எம்டிஎஃப் பொடியாது. கிராஸ்ஓவரை (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் சர்க்யூட்) சரிசெய்ய அடிக்கடி கழற்றுவீர்கள் என்றால் எம்4 டி-நட். அதைச் சுத்தியால் அடிக்காமல், பின்னாலிருந்து எபாக்ஸி வைத்து முன்னாலிருந்து போல்ட்டால் இழுத்துப் பதியுங்கள். போல்ட்டுக்கு எபாக்ஸி படாமல் மெழுகு தடவிக்கொள்ளுங்கள்.