ஃப்ரீசரில் வைத்த வீட்டுக்கோழி ரப்பராகிவிட்டது: எங்கே தவறினேன்?

உச்சிப்புளித் தோப்பு (கேள்வி):

தென்னந்தோப்பில் இருபது கறிக்கோழிக் குஞ்சுகளை விட்டு வளர்த்தோம். நான்கைக் கீரி கொண்டுபோனது, ஒன்று தானாகச் செத்தது. மிஞ்சிய பதினைந்தும் ஒன்பது வாரத்தில் உயிரெடை இரண்டு கிலோவை ஒட்டி வந்தன. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வீட்டுக்காரர் கரையில்தான் இருந்தார். ஆள் இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம் என்று ஒரே நாளில் பதினைந்தையும் அறுத்தோம்.

வெந்நீரில் முக்கி, இறகு பறித்து, குடல் எடுத்து, குழம்புக்கு வெட்டுவதுபோல் துண்டு போட்டு, அரைக் கிலோ கவர்களில் கட்டி, உடல் சூடு ஆறுவதற்குள் ஃப்ரீசரில் அடுக்கிவிட்டோம். எங்கள் வீட்டில் மீனை அப்படித்தான் செய்வோம். எவ்வளவு சீக்கிரம் ஐஸைக் காண்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒரு மாதம் கழித்து எடுத்துச் சமைத்தால் பல் இறங்கவில்லை. மாமியார் ஒரு துண்டை மென்றுவிட்டு, "இது கோழியா, அறுந்த செருப்பா?" என்று கேட்டார். சில துண்டுகளில் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைத் திட்டு. எலும்பை ஒட்டிக் கறுப்பு. வெந்நீரில் முக்கியபோதே தோல் பல இடங்களில் கிழிந்தது. இன்னும் பதினெட்டுக் கவர்கள் உள்ளே கிடக்கின்றன. தூக்கிப் போடுவதா?

சாயல்குடிக்காரர்:

தோப்பில் ஓடி மேய்ந்த கோழிக்குச் சதை இறுகத்தான் செய்யும். குக்கரில் இன்னும் நான்கு விசில் விடுங்கள், வழிக்கு வரும்.

உச்சிப்புளித் தோப்பு:

அண்ணே, அதே கூட்டத்தில் ஒரு கோழியை அறுத்த கையோடு அடுப்பில் ஏற்றினோம். பஞ்சுபோல் வெந்தது. ஒரே தீனி, ஒரே வயது. ஃப்ரீசருக்குப் போனவைதான் இப்படி.

கீழக்கரைக் கத்தி:

தங்கச்சி, நீங்கள் சொன்ன அந்த ஒரு கோழியிலேயே பதில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கறிக்கடை வைத்திருக்கிறேன், இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உயிர் போனதும் கோழியின் உடல் முதலில் தளர்வாகத்தான் இருக்கும். சிறிது நேரத்தில் விறைப்பு ஏறும். காலை இழுத்தால் கம்பிபோல் நிற்கும். சதைநார்கள் சுருங்கிப் பூட்டிக்கொள்கின்றன. பிறகு சில மணி நேரத்தில் அந்தப் பூட்டு தானாகத் தளர்கிறது. நம் பாட்டிமார் அறுத்த சூட்டோடு, விறைப்பு ஏறுமுன் குழம்பு வைத்தார்கள். அதனால் இந்தக் கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள். விறைப்பு முடியும் முன்பே உறைய வைத்துவிட்டால், பனி உருகும்போது மிச்சச் சுருக்கமும் சேர்ந்து ஏறும்.

இன்னொரு தவறு, சூட்டோடு துண்டு போட்டது. முழுக் கோழியில் எலும்பு சதையைப் பிடித்து வைத்திருக்கும். வெட்டியதும் பிடிமானம் போய், நார் இஷ்டத்துக்குச் சுருங்கும். மீன் கணக்கு வேறு, கோழிக் கணக்கு வேறு. கோழியைச் சீக்கிரம் குளிர வைக்க வேண்டும். ஆனால் சீக்கிரம் உறைய வைக்கக் கூடாது.

குடல் எடுத்த முழுக் கோழியை ஐஸ் தண்ணீரில் ஆற வைத்து, நீர் வடித்து, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு விடுங்கள். பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும், ஒரு நாள் முழுக்க விட்டால் இன்னும் நல்லது. மறுநாள் கால் மூட்டை மடக்கிப் பாருங்கள். தொட்டில் கயிறுபோல் இலகுவாக ஆடினால் வெட்டலாம். முரண்டு பிடித்தால் மூடி வையுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் மட்டும் இழுக்காதீர்கள்.

அறுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் துரத்திப் பிடித்த கோழியின் சதை கன்றிப்போயிருக்கும், இறக்கை நுனியில் இரத்தம் கட்டியிருக்கும். முந்தின இரவு இருட்டில் கூண்டில் பிடித்துப் போடுங்கள். அப்போதிருந்து தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் வையுங்கள். தீனிப்பை காலியாக இருந்தால் குடல் எடுக்கும்போது கை நாறாது. நாங்கள் பிஸ்மி சொல்லி அறுத்து, துடிப்பு முழுவதும் அடங்கும்வரை கோழியைத் தொடமாட்டோம். இரத்தம் நன்றாக வடியாத கோழி ஃப்ரீசரில் சீக்கிரம் நிறம் மாறும். ஈரலை எடுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பையைக் கீறிவிடாதீர்கள். உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும், அந்த இடத்தைச் சீவி எறிவதைத் தவிர வழி இல்லை.

உச்சிப்புளித் தோப்பு:

நன்றி காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்). தோல் கிழிந்தது எதனால்? நன்றாகக் கொதித்த தண்ணீரில்தான் முக்கினோம்.

கீழக்கரைக் கத்தி:

கொதித்ததால்தான். அறுபதிலிருந்து அறுபத்தைந்து டிகிரி போதும், முக்கால் நிமிடத்துக்குள் இறகு கழன்றுவிடும். கொதிநீரில் தோல் வெந்து போகும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள், அதன் அளவு நாற்பத்திரண்டோடு முடிந்துவிடும். சமையலுக்கான வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இல்லையென்றால், அண்டாவில் கொதிநீர் ஒரு பங்குக்குக் கிணற்று நீர் ஒரு பங்கு ஊற்றி, வால் இறகை இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் வந்தால் சரியான சூடு.

தொண்டி ஐஸ்பெட்டி:

தண்ணீரைக் குளிர வைக்க ஒரு யோசனை. ஐஸில் வாலிநோக்கத்து உப்பு இரண்டு கைப்பிடி போடுங்கள், குளிர்ச்சி இரட்டிப்பாகும். படகில் செய்வதுதான்.

கீழக்கரைக் கத்தி:

தம்பி, உப்பு போட்டால் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும், மேல்சதை உறைந்துவிடும். நாம் விலக வேண்டிய இடத்துக்கே அது கொண்டுபோய்விடும். வெறும் ஐஸும் குடிநீரும் கலந்தால் போதும். கோழியின் உட்சூடு நான்கு டிகிரிக்கு இறங்க வேண்டும், அதுவும் நான்கு மணி நேரத்துக்குள். அதற்கு ஐஸை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள்.

உங்கள் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீனுக்கு அடிக்கும் ஐஸ் எந்த நீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாது, அதைக் கோழியின் மேல் நேராகக் கொட்டாதீர்கள். கோழியைக் கெட்டிக் கவரில் போட்டு, சுற்றிலும் ஐஸை அடுக்குங்கள். கோழி நேராகப் படும் நீரும் ஐஸும் குடிநீராக இருக்க வேண்டும். நம் கடற்கரைக் கிணற்று நீர் பாதி உப்பு, ஊருணித் தண்ணீரிலும் காய்ச்சாமல் கழுவ வேண்டாம்.

மண்டபத்து அக்கா:

தங்கச்சி, மீதியை நான் சொல்கிறேன். வெள்ளைத் திட்டு காற்றுப் பட்டு உலர்ந்த சதை. உடலுக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் கெடும். கவருக்குள் காற்று இருந்தால் இப்படி ஆகும். திறந்த கவரைக் கழுத்துவரை ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். தண்ணீரின் அழுத்தம் காற்றை மேலே தள்ளிவிடும், கவர் சதையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே முறுக்கிக் கட்டுங்கள். எனக்கு இதைப் பார்க்க இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எலும்பருகே கறுப்பு என்றீர்களே, அது இளங்கோழியின் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைச் சிவப்பு, உறைந்து உருகும்போது வெளியே கசிந்தது. கெட்டதல்ல.

பதினைந்து கோழிகளை ஒரே நாளில் ஒரு வீட்டு ஃப்ரீசரில் திணித்தால் அதுவே சூடாகிவிடும். பழைய பொருளும் பாதி உருகும். ஐந்தைந்தாக அறுங்கள். ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டும். அந்தக் குளிரில் முழுக் கோழி ஓராண்டு, துண்டுகள் ஒன்பது மாதம் ருசி குறையாமல் இருக்கும். ஈரல் மூன்று, நான்கு மாதம்தான். கவரில் தேதி எழுதுங்கள், இல்லாவிட்டால் எது எந்தக் காலத்துக் கோழி என்று பிறகு சண்டை வரும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போனால் மூடியைத் திறக்காதீர்கள். நிறைந்த பெட்டி இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். வெற்றிடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கிவிடுங்கள். பிறகு திறந்து பார்க்கும்போது ஐஸ் படிகம் தெரிந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுவதும் உருகி வெதுவெதுப்பாகிவிட்டால் வேண்டாம்.

தொண்டி ஐஸ்பெட்டி:

ஐஸே வேண்டாம் என்றால்? உப்புக்கண்டம் போடுவதுபோல் கோழியை உப்பிட்டுக் காய வைத்துவிடலாமே?

மண்டபத்து அக்கா:

மெல்லிய ஆட்டுக்கறித் துண்டை வைகாசி வெயிலில் உலர்த்துவது ஒன்று. கொழுப்பும் தோலும் எலும்பும் உள்ள கோழி வேறு. வெளியே காய்ந்து உள்ளே அழுகும். ஐப்பசிக் கடற்காற்றில் கருவாடே பிசுபிசுக்கும்போது கோழியைப் போட்டால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

உச்சிப்புளித் தோப்பு:

எல்லாருக்கும் பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோப்பில் இரண்டு கோழிகள் வாங்கி வந்து அறுத்தோம். ஒன்றைப் பழைய முறையில் சூட்டோடு உறைய வைத்தேன். மற்றதைக் காக்கா சொன்னபடி முழுதாக ஆற வைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டு, காலையில் கால் மூட்டு தளர்ந்த பிறகு வெட்டி உறைய வைத்தேன். ஐந்து நாள் கழித்து ஒரே நாளில் இரண்டையும் ஒரே மசாலாவில், தனித்தனிச் சட்டியில் சமைத்தேன். மாமியாருக்கு எது எது என்று சொல்லவில்லை. முதல் சட்டியில் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார், இரண்டாவது சட்டியில் எனக்கு வைக்காமல் முடித்துவிட்டார்.

அந்தப் பதினெட்டுக் கவர்களை என்ன செய்வது?

கீழக்கரைக் கத்தி:

எறியாதீர்கள். கவரைப் பிரிக்காமல் ஒரு கிண்ணத்தில் வைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு நாள் மெதுவாக உருக விடுங்கள். அடுப்படி மேடையில் வைத்து உருக்க வேண்டாம். பூட்டிய நார் அந்த ஒரு நாளில் கொஞ்சம் இளகும். முழுவதும் சரியாகாது. வறுவல் செய்ய முயலாதீர்கள். சூப்புக்கும், தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்புக்கும் நின்று வேக விடுங்கள். பல்லில்லாதவர்களுக்கு மட்டும் அந்தக் கவரைப் பிரிக்காதீர்கள்.