புதுப்பிப்பு: பழைய டீசல் ஜீப்பில் எலக்ட்ரிக் ஃபேன், உருகிய ஃபியூஸ் ஹோல்டர் பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: தருமபுரியில் ஓடும் 12 வோல்ட் ஃபோர் வீல் ஜீப், ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு 12 இன்ச் ஃபேன், இரண்டும் ஒரே 30 ஆம்பியர் ரிலேயில் (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்). தொப்பூர் மேடு ஏறினால் ஃபியூஸ் ஹோல்டர் உருகுகிறது, ஃபியூஸ் மட்டும் போவதில்லை.

காரணம், ஹோல்டருக்குள் தளர்ந்துபோன கிளிப். கரண்ட் அளவோடுதான் இருந்தது. பிடிமானம் இல்லாத அந்த இடத்தில் சூடேறி பிளாஸ்டிக் இளகிவிட்டது. இதை ஃபியூஸ் தடுக்காது.

தனித்தனி ரிலே போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு 40 ஆம்பியர் ரிலே, 4 சதுர மி.மீ. காப்பர் வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 25 ஆம்பியர் ஃபியூஸ். ரிலேயின் கால்களில் உள்ள எண்படி 30-க்கு பேட்டரி, 87-க்கு ஃபேன், 86-க்கு இக்னிஷன், 85 தெர்மோ ஸ்விட்ச் (சூடேறினால் இணையும் ஸ்விட்ச்) வழியாக எர்த். லக்குகளை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) குறட்டால் நசுக்காமல் கிரிம்பிங் டூலால் அழுத்தணும்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. இவ்வளவும் மாற்றியும் ஃபேன் முனையில் 12.3 வோல்ட்தான், பேட்டரியில் 13.8. ஃபேனின் நெகடிவுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 1.2 வோல்ட் காட்டியது, அதாவது எர்த் பக்கத்தில்தான் அவ்வளவும் வீணாகிறது. பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் எர்த் போல்ட்! நெகடிவையும் அதே தடிமன் வயரில் நேராகப் பேட்டரிக்கு இழுத்ததும் 13.5 வந்தது, காற்றின் வேகம் கையிலேயே தெரிந்தது.

ஜீப்பை ஆற்றில் இறக்குபவர்கள், அதற்கு முன் ஃபேனை நிறுத்த 86 வயரில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். சுற்றும் இறக்கை தண்ணீரில் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.