கலைச்சொல்: ‘திணைப் பொருள்கோள்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரே மறைநூலை வெவ்வேறு பண்பாட்டினர் தத்தம் இடத்திலிருந்து விளங்கிக்கொள்வதற்குச் ‘சூழலாக்கம்’ என்று நம் கலைச்சொல் அட்டவணையில் போட்டிருக்கிறோம். அதை மாற்றவேண்டும். ஆக்கம் என்றால் ஒருவர் ஆக்கித் தருகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். ஜான் பன்யனின் ஆங்கில உரைநடைக் கதையைக் கரையிருப்பு கிருஷ்ண பிள்ளை கம்பன் நடையில் ‘இரட்சணிய யாத்திரிக’மாக 1894இல் தந்தாரே, அதற்கு அந்தச் சொல் பொருந்தும். வாசிப்பவர் பொருள் கொள்வது வேறு வேலை.

சங்கீதம் 92ஐப் பாருங்கள். ‘நீதிமான் பனையைப்போல் செழித்து’ என்கிறது நம் பழைய வேதாகமம். எபிரேயத்தில் அது தாமார், அதாவது பேரீச்சை. யாத்திராகமத்தில் ஏலிம் நீரூற்றுகளின் அருகே நிற்கும்போது அதே மரம் தமிழிலும் பேரீச்சமரம்தான். இங்கே பனையானது ஏன் என்பது இருக்கட்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில், இதைக் கேட்பவர், நட்டு நீரூற்ற ஆளில்லாமல் விழுந்த கொட்டையிலிருந்து மணலில் எழும்பி, மழை பொய்த்த ஆண்டிலும் பதநீர் தருகிற மரத்தை நினைக்கிறார். அடுத்த வசனமோ ‘நாட்டப்பட்டவர்கள்’ என்கிறது! யாரும் நடாத மரத்தை நாட்டியது யார் என்று ஒரு போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினால், பேரீச்சை நாட்டில் எழாத கேள்வி ஒன்று இங்கே எழுகிறது.

யூத மரபுக்கும் இது புதிதல்ல. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் உரை எழுதிய ராஷி, அரிய எபிரேயச் சொல் வந்தால் ஊரார் பேசிய பழைய பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்திலேயே எழுதி விளக்கினார்.

ஆகவே ‘திணைப் பொருள்கோள்’. திணை என்றால் முதலும் (நிலம், பொழுது) கருவும் (அங்குள்ள மரம், விலங்கு, தொழில்) உரியும் (மனித உணர்வு) சேர்ந்தே பொருள் தரும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. நன்னூலின் எட்டுப் பொருள்கோளும் செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறைகள் மட்டுமே என்று இலக்கண அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து

மறுமொழி

ஐயா, வணக்கம்.

பொருள்கோளுக்காக நான் சண்டைக்கு வரவில்லை. திணைதான் இடிக்கிறது. மாணவர்கள் உயர்திணை, அஃறிணை என்று போய்விடுவார்கள் என்பது சிறிய குறை. பெரிய குறை வேறு. அதே தேரியில் மரத்துக்கு உடையவரும் இருக்கிறார், பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, ஏறுபவரும் இருக்கிறார். காலையும் மாலையும் ஏறி இறங்கி நெஞ்சு காய்த்தவருக்குப் ‘பனையைப்போல் செழித்து’ எப்படிக் கேட்கும்? புகையில் கருப்பட்டி காய்ச்சும் அவர் மனைவிக்கு? நிலம் ஒன்று, கருப்பொருள் ஒன்று, கொள்ளும் பொருள் மூன்று. உங்கள் சொல் மூவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது.

‘வாழ்நிலைப் பொருள்கோள்’ என்று வைக்கலாம். நிலம் அதில் அடங்கும். சாதியும் கூலியும் ஆண், பெண் என்ற பாலும்கூட அடங்கும். ‘சூழலாக்கம்’ யாத்திரிகம் போன்ற மறுபடைப்புகளுக்கு இருக்கட்டும். கோயில் அசனம் என்னும் பொதுவிருந்துபோல வழிபாட்டோடு உள்ளூர் வழக்கம் சேர்வதற்குத் தனிச்சொல் தேவை; அதையும் இதற்குள்ளேயே திணித்துவிட வேண்டாம்.