ஸ்நாக் லிஸ்டை (கடைசிக் கட்டத்தில் கண்ட குறைகளின் பட்டியல்) ரெவிட் 3டி மாடலோடு இணைக்க வழி சொல்லுங்கள்: புது மாடல் ஏற்றினால் பின்கள் அந்தரத்தில் நிற்கின்றன

பதினாலாவது_மாடி:
வணக்கம். சென்னையில் 14 மாடிக் குடியிருப்பு, ஃபினிஷிங் கடைசிக் கட்டம். ஆர்க்கிடெக்சர், ஸ்ட்ரக்சர், எம்இபி (ஏசி, மின்சாரம், பிளம்பிங்) மூன்றும் ரெவிட்டில் இருக்கின்றன, நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் சேர்த்து கிளாஷ் (ஒன்றோடொன்று எங்கே மோதுகிறது என்று) பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு மாடலை யாரும் திறக்கவில்லை. ஸ்நாக் எடுப்பது தனியாக ஒரு மொபைல் ஆப்பில், பிடிஎஃப் பிளான் மேல் பின் குத்தி போட்டோ போட்டு. வாரக் கடைசியில் எக்செலில் இறக்கி, பிளம்பிங், எலக்ட்ரிகல், பெயின்டிங் என்று பிரித்து சப் கான்ட்ராக்டர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எது முடிந்தது, எது முடிந்ததாகச் சொல்லப்பட்டது என்று யாருக்கும் தெரிவதில்லை.

இதையெல்லாம் மாடலுக்குள் கொண்டு வரச் சொல்லி மேலிடத்தில் முடிவு. ஒரு மாடியை மட்டும் எடுத்துப் பார்த்ததில் மூன்று இடத்தில் இடிக்கிறது. ஆப்பிலிருந்து பிசிஎஃப் (ஸ்நாக் விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஃபைல்) எடுத்து ரெவிட்டில் பிளகின் வழியாகத் திறந்தால் கேமரா கட்டடத்தை விட்டு எங்கேயோ போய் நிற்கிறது. எம்இபி கன்சல்டன்ட் புது மாடல் கொடுத்ததும் பாதி ஸ்நாக் எந்தப் பொருளோடும் ஒட்டாமல் கழன்றுவிட்டது. அப்புறம் டைல்ஸ், பட்டி ஸ்நாக்தான் அதிகம், ஆனால் மாடலில் டைல்ஸே கிடையாது. இதையெல்லாம் எதன் மேல் குத்துவது?

மாடல்_கோவை:
கேமரா விஷயம் சுலபம் சார். பிசிஎஃப் ஃபைலுக்குள் மாடல் இருக்காது. ஒவ்வொரு ஸ்நாக்குக்கும் ஒரு தலைப்பு, நிலை, பொறுப்பாளர், கமென்ட், ஒரு படம், கேமரா நின்ற இடம், சம்பந்தப்பட்ட பொருட்களின் ஐஎஃப்சி (பல மென்பொருட்களும் படிக்கிற பொது மாடல் வடிவம்) ஜியுஐடி, அதாவது அடையாளக் குறி, அவ்வளவுதான். அதில் நீளம் எப்போதும் மீட்டரில்தான், ஆயங்களும் பொது ஆயங்கள்தான். ஆப்பில் ஏற்றின மாடல் ஷேர்டு கோஆர்டினேட்டிலும் (எல்லா மாடலுக்கும் பொதுவான ஆயங்கள்), நீங்கள் திறக்கிற ரெவிட் ஃபைல் இன்டர்னல் ஆரிஜினிலும் (அந்த ஃபைலின் சொந்தத் தொடக்கப் புள்ளி) இருந்தால் கேமரா பக்கத்து ஊருக்குப் போகத்தான் செய்யும். மூன்று மாடலையும் ஒரே சர்வே பாயின்டில் (பொதுக் குறிப்புப் புள்ளி) வைத்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள், மற்றதைத் தொடாதீர்கள், பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

கழன்றுபோவதற்குக் காரணம் கன்சல்டன்ட் வேலை செய்கிற விதம். ஐஎஃப்சியில் ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்தில் ஒரு அடையாளம் உண்டு. குழாயை நகர்த்தினால் அது மாறாது, அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் மாறிவிடும். உங்கள் ஸ்நாக் பழைய அடையாளத்தையே தேடிக்கொண்டிருக்கும். அதனால் "இருப்பதைத் திருத்துங்கள், அழித்து வரையாதீர்கள்" என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஐஎஃப்சி ஏற்றுமதி செட்டிங்கில் ஜியுஐடியை எலிமென்ட் பாராமீட்டரில் சேமிக்க ஒரு டிக் இருக்கிறது, அதையும் போட்டால் ரெவிட்டுக்குள்ளேயே தேடிக்கொள்ளலாம். இன்னொன்று, ஃபைல் பெயரில் தேதி சேர்த்து ஏற்றுகிறார்களா பாருங்கள். பெயர் மாறினால் பல சிஸ்டங்கள் அதை வேறு ஃபைலாகத்தான் எடுத்துக்கொள்ளும், புது வெர்ஷனாக அல்ல.

பட்டி_பார்ப்பவன்:
நான் குவாலிட்டி பக்கம். டைல்ஸுக்காக மாடலில் டைல்ஸ் வரைய ஆரம்பித்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஸ்நாக்கை முதலில் ரூமோடு கட்டுங்கள். உதாரணத்துக்கு, வீடு 1204, மாஸ்டர் பாத்ரூம், கதவுக்குப் பின்பக்கச் சுவர், தரையிலிருந்து மூன்றாவது வரிசை, தட்டினால் டொக்கென்று காலியாகக் கேட்கிறது. மேஸ்திரிக்கு இது போதும், 3டி வேண்டாம். ரெவிட்டில் ரூம்கள் ஒழுங்காக மூடியிருந்து, அவற்றையும் சேர்த்து ஏற்றுமதி செய்தால் ஐஎஃப்சியில் ஒவ்வொரு ரூமும் தனிப் பொருளாக வரும், அதற்கும் அடையாளம் உண்டு. கன்சல்டன்ட் எத்தனை குழாயை மாற்றினாலும் ரூம் மாறாது. வால்வு, எஃப்சியு (ஏசி காற்று யூனிட்), டிபி (மின் விநியோகப் பெட்டி), கதவு மாதிரி மாடலில் நிஜமாகவே இருக்கிற சாமான்களுக்கு மட்டும் பொருளோடு இணைப்பு வையுங்கள்.

மென்பொருளை விட எனக்குப் பெரிதாகப் படுவது ஸ்நாக்கை மூடுகிற உரிமை. சப் கான்ட்ராக்டர் "முடிந்தது, பார்க்கவும்" வரைக்கும்தான் போகலாம். "மூடியது" என்பதை நேரில் போய்ப் பார்த்தவர் மட்டுமே போட வேண்டும், அதுவும் அதே கோணத்தில் எடுத்த போட்டோவோடு. நிலைகளின் பெயர்கள் ஆப்பிலும் மாடல் பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இறக்குமதியில் நிலை சரியாகப் பொருந்தாமல் குழம்பிவிடும். எக்செல் பழக்கத்தை நிறுத்துவதும் முக்கியம், நிலை ஒரே இடத்தில்தான் மாற வேண்டும்.

சிங்கை_சைட்:
மேலே சொன்ன ரூம் முறைதான் இங்கேயும். சிங்கப்பூரில் பிசிஏவின் (கட்டுமானத் துறைக்கான அரசு அமைப்பு) கான்குவாஸ் என்ற கட்டுமானத் தர மதிப்பீடு 1989 முதல் இருக்கிறது. உள் வேலைப்பாட்டைத் தரை, சுவர், கூரை, கதவு, ஜன்னல் என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள். நாங்கள் ஸ்நாக் ஃபார்மிலும் ரூமுக்கு அடுத்து இந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறோம், டைப் அடிக்க வேண்டியதில்லை, தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொரு வீட்டுக் கதவு ஃபிரேமிலும் ஒரு க்யூஆர் ஒட்டினோம், ஸ்கேன் செய்தால் அந்த வீட்டின் ரூம் பட்டியல் திறக்கும். இன்ஜினியர் பிளானில் தவறான வீட்டில் பின் குத்துவது அதோடு நின்றது.

பதினாலாவது_மாடி:
எல்லோருக்கும் நன்றி. எம்இபி ஃபைல் பெயரில் தேதி இருப்பது உண்மைதான், பார்த்துவிட்டேன். ஒரு சந்தேகம். ஹேண்டோவர் முடிந்ததும் இந்த லிஸ்டை மூடிவிடலாமா, வைத்திருக்க வேண்டுமா? ஆப்புக்கு மாதச் சந்தா போகிறது.

பட்டி_பார்ப்பவன்:
வைத்திருங்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டம் பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ தரத்திலோ குறை என்று வாங்கியவர் தெரிவித்தால், 30 நாளுக்குள் கூடுதல் பணம் வாங்காமல் சரி செய்து தர வேண்டும். அதே பாத்ரூமில் இரண்டு வருடம் கழித்து ஒழுகினால், அங்கே ஏற்கெனவே எந்தச் சுவரை உடைத்தோம், எந்தக் குழாயை மாற்றினோம் என்று ரூம் வாரியாக எடுக்க முடிய வேண்டும். சந்தாவை நிறுத்துவதானால் அதற்கு முன் எல்லாவற்றையும் பிசிஎஃப் ஆகவும், போட்டோக்களைத் தனி ஃபோல்டராகவும், கடைசி ஐஎஃப்சியோடு சேர்த்து இறக்கி வையுங்கள். அந்த மூன்றும் ஒரே நாளில் எடுத்ததாக இருக்கட்டும்.