ஹோபி 16: முன் குறுக்குத் தண்டு உடைந்தால் எங்கிருந்து பார்ப்பது?

ஹோபி 16 என்பது இரண்டு உடல்களைக் குறுக்குத் தண்டுகளால் இணைத்த பாய்மரப் படகு. பழைய படகில் முன் தண்டு உடைந்திருந்தால் முதலில் அதன் அடியில் ஓடும் டால்ஃபின் ஸ்ட்ரைக்கர் கம்பியைப் பாருங்கள். பாய்மரம் நிற்பது தண்டின் நட்ட நடுவில். பக்கக் கம்பிகளும் முன்கம்பியும் மரத்தைக் கீழே இழுக்க, அந்த அழுத்தம் மொத்தமும் தண்டின் நடுவில் இறங்குகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, அப்படித்தான் தண்டுக்கு இந்தக் கம்பி. நாண் தளர்ந்தால் தண்டு தனியாகச் சுமக்க வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து, ஏதோ ஒரு துளையின் விளிம்பில் விரிசல் பிறக்கும்.

சோதிப்பது எளிது. மரத்தை இறக்கிவிட்டு, தண்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் இழுத்துக் கட்டுங்கள். நடுப்பகுதி நூலுக்குக் கீழே தொங்கினால் கம்பி தளர்ந்திருக்கிறது, அல்லது தண்டு நிரந்தரமாக வளைந்துவிட்டது. நட்டை இரு பக்கமும் மாறி மாறி, அரைச் சுற்று வீதம் இறுக்குங்கள். தண்டு நேராக வந்தால் போதும். நடுவில் 2–3 மி.மீ. மேலே எழும்பினாலும் தவறில்லை. இறுக்கியும் நிமிராத தண்டை மாற்றத்தான் வேண்டும்.

கம்பியின் மரைப் பகுதியை, நட்டுக்குள் மறைந்திருக்கும் இடம் உட்பட, கழற்றிச் சுத்தம் செய்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு என்பதால் விட்டுவிடாதீர்கள். காற்றுப் புகாத இடுக்கில் உப்பு நீர் தங்கினால் அங்கே அதுவும் அரிக்கும்.

*

வெல்டிங் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பட்டறைக்கு எடுத்துப் போனால் ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தந்துவிடுவார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் வெப்பப் பதம் செய்த அலுமினியத்தை வெல்டு செய்தால் தையலின் இரு பக்கமும் அந்தப் பதம் போய்விடுகிறது. 6061-டி6 ரகத்தில் வளையத் தொடங்கும் வலிமை சுமார் 276 மெகாபாஸ்கல். வெல்டு சூடு பட்ட பகுதியில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மீண்டும் உலையில் வைத்துப் பதம் ஏற்றாமல் அந்தத் தண்டை மரத்தின் கீழே வைக்காதீர்கள். அடுத்த முறை தையல் இருந்தபடியே இருக்கும், அதை ஒட்டி விரல் அளவு தள்ளி உடையும்.

முழுதாக உடைந்த தண்டுக்கு வேறு தண்டுதான் வழி. கடையில் கிடைக்கும் வெறும் குழாய் பொருந்தாது, ஆட்கள் உட்காரும் டிராம்போலின் வலையின் ஓரம் நுழையும் காடி அதில் இருக்காது. உடல் கெட்டு ஓரமாகக் கிடக்கும் இன்னொரு ஹோபி 16-லிருந்து சட்டத்தை எடுப்பதே மலிவு. வாங்குமுன் அந்தத் தண்டுக்கும் நூல் கட்டிப் பாருங்கள்.

*

கழற்றும் வேலையில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. குறுக்குத் தண்டும் பக்கத் தண்டும் மூலைக் காஸ்டிங்கில் நுழைந்து ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். காஸ்டிங் வார்ப்பு அலுமினியம், சுத்தியலுக்கு விரிசல் விடும். மரக்கட்டை வைத்துத்தான் தட்ட வேண்டும்.

ரிவெட்டின் நடு ஊசி எஃகு என்றால் முதலில் அதை ஒல்லியான பஞ்ச் கருவியால் உள்ளே தட்டி இறக்குங்கள். அதன்மேல் நேராகத் துளை போட்டால் டிரில் முனை வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத் தின்னும், துளை நீள்வட்டமாகிவிடும். கோபால்ட் டிரில், குறைந்த வேகம், இரண்டு சொட்டு எண்ணெய். தலை மட்டும் போனால் போதும், மீதியை உள்ளே தள்ளிவிடலாம். தள்ளிய துண்டுகளைக் குலுக்கி வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளே கிடந்தால் உப்பு நீரில் அலுமினியத்தை அரிக்கும்.

பிடித்துக்கொண்ட மூட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கொதிநீர் அல்லது ஹாட் ஏர் கன். இழுக்கும்போது முறுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது மூட்டுக்குள் எபாக்ஸிப் பசை வைப்பது நல்ல பழக்கம். ரிவெட் மட்டும் தாங்கும் சட்டம் சில பருவங்களில் ஆடத் தொடங்கும். 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிடோனில் துடைத்து, உடனே எபாக்ஸியைத் தடவி அந்த ஈரத்தோடு இன்னொரு முறை தேய்க்க வேண்டும். அலுமினியத்தின் மேல் ஆக்சைடுப் படலம் தேய்த்தவுடனே திரும்ப வந்துவிடும் என்பதால் இந்த அவசரம். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை உள்ளே பூசிச் செருகுங்கள்.

ரிவெட் அடிக்குமுன் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். எபாக்ஸி இறுகியபின் கோணலைச் சரிசெய்ய முடியாது. கோணலான சட்டத்தில் ஓர் உடல் முன்னும் மற்றது பின்னுமாக ஓடும்.

நம் கட்டுமரத்தில் கயிற்றுக்கட்டு அசைவை வாங்கிக்கொள்ளும். கேட்டமரான் என்ற பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்ட இந்தப் படகு வகையின் சட்டத்துக்கு அந்த வசதி இல்லை. எங்கே ஆட்டம் இருக்கிறதோ அங்கே தேய்மானம்.

*

தண்டை மாற்றிவிட்டு உடலைப் பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. முன் பைலானைச் (உடலிலிருந்து எழுந்து சட்டத்தைத் தாங்கும் கால்) சுற்றி, குறிப்பாக அதற்கு முன்னால் ஓர் அடி தூரம், டெக்கை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. மொத்தை ஒலி என்றால் ஃபைபர் தோல் உள்ளே இருக்கும் ஃபோமைவிட்டுப் பிரிந்திருக்கிறது. பழைய உடல்கள் இரண்டாக ஒடிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சிறிய பிரிவு என்றால் எபாக்ஸி ஏற்றலாம். 25 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளைகள், வெளித்தோல் மட்டும் துளைபடும்படி டிரில்லில் டேப் சுற்றி அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வெயிலில் காயட்டும், அசிடோன் ஊற்றிக் காயவைக்க நினைக்காதீர்கள், அது உள்ளேயே தங்கும். மெதுவாக இறுகும் எபாக்ஸியைச் சிரிஞ்சில், தாழ்ந்த துளையிலிருந்து தொடங்கி, பக்கத்துத் துளையில் எட்டிப் பார்க்கும்வரை செலுத்தி டேப் ஒட்டுங்கள். மேலே பாலிதீன் தாள், அதன்மேல் மணல் மூட்டை. டெக்கின் வளைவு மாறும் அளவுக்குப் பாரம் வேண்டாம். பொங்கும் ஃபோம் ஸ்பிரே கூடவே கூடாது, ஒட்டவேண்டிய தோலை அது இன்னும் தள்ளிப் பிரிக்கும்.

தோலே கிழிந்திருந்தால் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 2 மி.மீ. தோலுக்கு 24 மி.மீ., எல்லாப் பக்கமும். சதுர மீட்டருக்கு 300 கிராம் கண்ணாடித் துணி மூன்று அடுக்கு வைத்தால் ஏறக்குறைய 1 மி.மீ. வரும். துணியின் எடையும் எபாக்ஸியின் எடையும் சமமாக இருக்கட்டும். 32 டிகிரி வெயிலில் கோப்பையில் 100 கிராம் கலந்து வைத்தால் கொதித்துக் கட்டியாகிவிடும். தட்டையான தட்டில் ஊற்றிக்கொண்டால் நேரம் கிடைக்கும்.

*

இன்னொன்று சேர்க்கிறேன். முதல் ஓட்டம் முடிந்து கரையேறியதும் ரிவெட் தலைகளைச் சுற்றி விரலால் துடைத்துப் பாருங்கள். கறுப்பு மை போல ஒட்டினால் அது அலுமினியம் அலுமினியத்தோடு உரசிய தூள். அந்த மூட்டு இன்னும் ஆடுகிறது, அடுத்த முறை கடலில் இறக்குமுன் அந்த ரிவெட்டை எடுத்துவிட்டு ஓர் அளவு பெரியதாக அடியுங்கள்.