இரண்டு கேபிள், இரண்டு கேட்வே: எடைமேடைக் கணினியில் நான் பட்ட பாடு

சுங்கை சிப்புட் கிராணி (எழுத்தர்):

எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் எடைமேடை அறையில் உள்ள விண்டோஸ் 10 கணினிக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று ஆலையின் உள் வலையமைப்புக்கு, 10.20 என்று தொடங்கும் தலைமை அலுவலக முகவரிகளுக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மற்றது இணையத்துக்காக நீலக் கேபிளால் ஃபைபர் மோடத்தில் செருகப்பட்டிருந்தது. எனக்கு முன்பிருந்த கிராணி ஐயா பொறுப்பை ஒப்படைத்தபோது, "எடையை அனுப்புமுன் நீலக் கேபிளைப் பிடுங்கிவிடு தம்பி, அனுப்பியதும் மாட்டிவிடு" என்றார். பிடுங்கிப் பிடுங்கி அதன் கிளிப் எப்போதோ ஒடிந்து, செலோடேப்பின் தயவில் நின்றுகொண்டிருந்தது. காரணம் கேட்காமல் நானும் பல மாதங்கள் பிடுங்கினேன்.

ஒரு காலையில் மறந்துவிட்டேன். எடைச்சீட்டு ஒன்றும் போகவில்லை; ஏழு லாரிகள் குலைகளோடு வெயிலில் நின்றன. பறித்த குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதால் மேலாளர் நேரில் வந்துவிட்டார்.

அன்றிரவு, கணினியின் வழிகளைப் பட்டியலிடும் 'ரூட் பிரிண்ட்' (route print) கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது 0.0.0.0 என்ற வரி, அதாவது தனி வழி குறிக்கப்படாத எல்லா முகவரிகளுக்குமான கேட்வே (வெளியே செல்லும் வாயில்), இரண்டு முறை இருந்தது. இணையத்தின் மெட்ரிக் (வழிகளுக்குள் எது முந்தும் என்று காட்டும் எண்) 281, ஆலையுடையது 291. ஆலையின் பழைய சுவிட்ச் 100 மெகாபிட் வேகத்தில்தான் ஓடும். வேகம் குறைந்த இணைப்புக்கு விண்டோஸ் தானாகவே கூடுதல் மெட்ரிக் தருகிறது, குறைந்த எண் உள்ள வழியையே தேர்ந்தெடுக்கிறது. ஆக, தலைமை அலுவலகத்துக்குரிய தரவும் மோடத்துக்கே போய், அங்கிருந்து போக்கிடமின்றி மடிந்தது. ஒரு கேட்வேயில் சேராவிட்டால் கணினி மறு கேட்வேயைத் தட்டிப் பார்க்கும் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். முதல் கேட்வே உயிரோடு இருக்கும்வரை அதற்கு அந்தப் பழக்கம் கிடையாது. நீலக் கேபிளைப் பிடுங்கினால்தான் இரண்டாவது வழிக்கு மதிப்பு வரும், ஐயாவின் வைத்தியம் பலித்தது அதனால்தான்.

ஆலைப் பக்கக் கார்டில் கேட்வே கட்டத்தை வெறுமையாக்கினேன். பிறகு நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'ரூட் -பி ஆட் 10.20.0.0 மாஸ்க் 255.255.0.0 192.168.10.1' என்று கொடுத்து, 10.20 முகவரிகளை மட்டும் ஆலையின் கேட்வேயான 192.168.10.1 வழியே அனுப்பச் சொன்னேன். அந்த '-பி' விடுபட்டால் கணினியை மறுபடி தொடங்கியதும் வழி அழிந்துவிடும். நான் முதலில் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், ஆலைக் கார்டில் கேட்வே இல்லாததால் அதுவும் பலிக்கவில்லை என்பதை மறைப்பானேன். ஒரே வலையமைப்புக்கு மாற்று வழியாகத்தான் பல கேட்வேக்கள் வைக்க வேண்டும் என்று, இரண்டாவது கேட்வேயை இடும்போதே விண்டோஸ் எச்சரிக்கை காட்டுகிறது. யாரோ அன்று 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறார்.

தைப்பிங் வாசகர்:

கிராணி ஐயா, எனக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். எங்கள் லினக்ஸ் கணினிக்கு இரண்டுமே இணைய இணைப்புகள். இரண்டாவது இணைப்பின் முகவரிக்கு வெளியிலிருந்து வந்த அழைப்புக்கு, பதில் முதல் இணைப்பின் வழியே போனது. வழி மாறிப் போன அந்தப் பதில் எதிர்முனையில் எடுபடவில்லை. நிலையான வழி ஒன்றை எழுதினால் இது தீராது, ஏனெனில் அழைப்பவர் எங்கிருந்தும் வரலாம். இரண்டாவது இணைப்புக்கெனத் தனி வழி அட்டவணை அமைத்து, அந்த முகவரியிலிருந்து கிளம்புவதெல்லாம் அதைப் பார்க்குமாறு 'ஐபி ரூல்' (ip rule) என்ற கட்டளையால் விதி எழுதிய பிறகே பதில் வந்த வழியே திரும்பியது.